பெங்களூரில் வீடு தேடுபவருக்கு ஒரு வரைபடம்: புவிசார் தரவில் முதல் அடிகள்

புவிசார் தரவு (எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் தரவு), லொகேஷன் அனலிட்டிக்ஸ் (அதை வைத்துச் செய்யும் ஆய்வு) என்று பேச்சு வந்தாலே புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த கோர்ஸில் சேரலாம் என்பதுதான். கோர்ஸ் இருக்கட்டும், அதற்குப் பிறகு வருவோம். உங்களுக்கே உடனடியாக விடை தேவைப்படும் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். வேலை கிடைத்து பெங்களூரு வந்திறங்கும் நம்மவர்களுக்கு அப்படி ஒரு கேள்வி தயாராகவே இருக்கிறது: எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது?

இதைத் தரகரிடம் கேட்கலாம், அல்சூரில் பல வருஷமாக இருக்கும் சித்தப்பாவிடமும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் மெட்ரோவுக்கு நிஜமாகவே எத்தனை நிமிட நடை, மழை கொட்டினால் அந்தத் தெருவில் தண்ணீர் சேர வாய்ப்பு உண்டா என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். சாதாரண லேப்டாப்பும் இணையமும் போதும், மென்பொருளும் தரவும் இலவசம். இந்த ஒரு வேலையை முழுசாக முடித்துவிட்டால், கடை எங்கே திறப்பது, ஆம்புலன்ஸை எங்கே நிறுத்திவைப்பது, டெங்கு எந்த வட்டாரத்தில் கூடுகிறது போன்ற கேள்விகளுக்கும் இதே படிகள்தான் என்பது தானாகப் புரியும்.

முதல் படி: கேள்வியை அளக்கும்படி எழுதுவது

‘நல்ல ஏரியா’ என்பதை எந்த மென்பொருளாலும் அளக்க முடியாது. ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அளந்து சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களாக எழுதுங்கள். நான் எடுத்துக்கொள்ளும் மூன்று இவை. மெட்ரோ நிலையத்துக்கு 15 நிமிடத்துக்குள் நடந்து போக வேண்டும். வீடு பள்ளத்திலோ ராஜகாலுவேயை ஒட்டியோ இருக்கக் கூடாது. காவிரித் தண்ணீர் இணைப்பு இருக்க வேண்டும்.

ராஜகாலுவே என்பது ஒரு ஏரி நிறைந்ததும் அதன் உபரி நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோன பெரிய வாய்க்கால். இன்று நகரத்தின் மழைநீர் வடிகால் அதுதான். பெங்களூரில் வீடு தேடுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் கன்னடச் சொல்லும் இதுவே என்பேன்.

மூன்று வாக்கியங்களும் மூன்று வகைத் தரவைக் கேட்கின்றன. முதலாவதற்குச் சாலைகளும் நிலையங்களும் வேண்டும். இவை கோடுகளாகவும் புள்ளிகளாகவும் வரும், இந்த வகைக்கு வெக்டர் என்று பெயர். இரண்டாவதற்கு நிலத்தின் உயரம் வேண்டும். அது சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணோடு வரும், இது ராஸ்டர். மூன்றாவதற்கு நம்பகமான தரவு இணையத்தில் கிடைக்காது. தெருவில் இறங்கி நீங்களேதான் சேகரிக்க வேண்டும். இந்தத் துறையில் எல்லாக் கேள்வியும் கடைசியில் இந்த மூன்றின் கலவையாகத்தான் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: மென்பொருள்

க்யூஜிஸ் போதும். கேரி ஷெர்மன் என்பவர் 2002இல் தொடங்கிய திறந்தமூல வரைபட மென்பொருள் இது. இன்று அரசுத் துறைகளிலும் ஆய்வகங்களிலும் நிறுவனங்களிலும் பயன்படுகிறது. தரவிறக்கும் பக்கத்தில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒன்று இருக்கும், அதையே எடுங்கள். புதிய வசதிகள் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் தொல்லை குறைவு. திறந்ததும் இடப்பக்கம் உள்ள பிரவுசர் பட்டியலில் எக்ஸ்.ஒய்.இசட். டைல்ஸ் என்பதன் கீழ் ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கும். அதை இழுத்து நடுவில் போட்டால் உலக வரைபடம் வந்துவிடும். பெங்களூருக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

சேமிக்கும்போது ஷேப்ஃபைல் வடிவத்தைத் தவிர்த்து ஜியோபேக்கேஜ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஷேப்ஃபைலில் பத்திக்கு வைக்கும் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகாது. தமிழில் குறிப்பு எழுதினால் சில சமயம் கட்டம் கட்டமாகச் சிதைந்தும் போகும். ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் படி: தரவை எடுப்பது

சாலைகள், மெட்ரோ நிலையங்கள், ஏரிகள், வாய்க்கால்கள் எல்லாவற்றுக்கும் முதல் ஊற்று ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் தொடங்கி, தன்னார்வலர்கள் தெருத்தெருவாகச் சேர்த்த உலக வரைபடம் அது. பெயரைக் குறிப்பிட்டு நன்றி சொன்னால் யாரும் பயன்படுத்தலாம். க்யூஜிஸில் பிளகின்ஸ் மெனுவுக்குப் போய் குயிக்ஓ.எஸ்.எம். என்ற செருகுநிரலை நிறுவுங்கள். அதில் கீ என்ற இடத்தில் ரெயில்வே, வேல்யூ என்ற இடத்தில் ஸ்டேஷன் என்று ஆங்கிலத்தில் கொடுத்து, திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் தேடச் சொன்னால் நிலையங்கள் புள்ளிகளாக வந்து விழும். சாதாரண ரயில் நிலையங்களும் கூடவே வரும், அவற்றை வடிகட்டிவிடுங்கள். ஹைவே என்ற கீயை மட்டும் கொடுத்து வேல்யூவை வெறுமையாக விட்டால் எல்லாச் சாலைகளும், சந்து பொந்துகளும் வரும். வாட்டர்வே என்று கொடுத்தால் ஓடைகளும் வடிகால்களும், நேச்சுரல் என்பதற்கு வாட்டர் என்று கொடுத்தால் ஏரிகளும் வரும். முழு நகரத்துக்கும் சாலைகளை ஒரே மூச்சில் கேட்காதீர்கள், லேப்டாப் திணறும். முதலில் இரண்டு மூன்று நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் எடுங்கள்.

உயரத்துக்கு இரண்டு வழி. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடார் மூலம் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவு ஒன்று. 2010க்கும் 2015க்கும் நடுவில் ரேடார் செயற்கைக்கோள்கள் எடுத்ததிலிருந்து உருவான கோப்பர்நிக்கஸ் உயரத் தரவு இன்னொன்று. இரண்டும் ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் 2009 முதல் நடத்தும் புவன் தளத்தில் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து செய்த உயரத் தரவும் உண்டு. பெங்களூருக்கு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 13 டிகிரி அட்சரேகை நகரத்தின் குறுக்கே போகிறது. கோரமங்களாவும் ஜெயநகரும் அதற்குத் தெற்கே, ஹெப்பாளும் எலஹங்காவும் வடக்கே. ஒரு டிகிரிக்கு ஒரு கோப்பு என்று வெட்டி வைத்திருப்பதால் இரண்டு கோப்புகளை எடுத்து, ராஸ்டர் மெனுவில் உள்ள மெர்ஜ் கருவியால் ஒட்ட வேண்டியிருக்கும்.

வார்டு எல்லைகள், வடிகால் வரைபடங்கள் போன்ற உள்ளூர்த் தரவுக்கு ஓபன்சிட்டி தளத்தையும், டேட்டாமீட் குழுவினர் தொகுத்து வைத்திருப்பவற்றையும் பாருங்கள். நிலத்தின் சர்வே எண் வேண்டுமென்றால் கர்நாடக அரசின் திஷாங்க் செயலி இருக்கிறது. ஓர் இடத்தில் நின்றுகொண்டு அதைத் திறந்தால் அந்த இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும்.

ஒவ்வொரு கோப்பையும் இறக்கியதும், எங்கிருந்து, எந்த நாளில் எடுத்தீர்கள், தரவு எந்த ஆண்டைச் சேர்ந்தது, யார் எதற்காக உருவாக்கியது என்று நாலு வரி எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள். வரைபடத்தில் ஒரு கோடு அழுத்தமாகத் தெரிவதால் அது உண்மையாகிவிடாது. எஸ்.ஆர்.டி.எம். தரவு பிறந்தபோது பெங்களூரில் மெட்ரோ கிடையாது. முதல் ரயில் ஓடியது 2011 அக்டோபரில். அந்த உயரத் தரவுக்குப் பின்னால் எழுந்த லேஅவுட்டுகள், நிரப்பப்பட்ட குழிகள், உயர்த்திப் போட்ட சாலைகள் எதுவும் அதற்குத் தெரியாது. இதை மனதில் வைத்திருப்பவர்தான் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் தரவு வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் வரைபடத் தரவைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு சார்ந்த சில விவரங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்கிறது. 2022 டிசம்பரில் வந்த தேசியப் புவிசார் கொள்கையும் இதே திசையில்தான் போகிறது.

நான்காம் படி: ஆயத்தொலைவு

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது, அதனால் நிதானமாகப் போவோம்.

போன் காட்டும் எண்கள் டிகிரியில் இருக்கும். பெங்களூரு நகரத்தின் நடுப்பகுதி அட்சரேகை 12.97, தீர்க்கரேகை 77.59. அட்டவணையிலிருந்து புள்ளிகளை ஏற்றும்போது க்யூஜிஸ் எக்ஸ் எது, ஒய் எது என்று கேட்கும். தீர்க்கரேகைதான் எக்ஸ், அட்சரேகை ஒய். பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லும் பழக்கத்தால் பலரும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் உங்கள் இந்திராநகர் வீடு ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தை ஒட்டிய கடலில் போய் விழும். புள்ளிகள் காணாமல் போனால் முதலில் அங்கே தேடுங்கள்.

அடுத்தது அலகு. டிகிரியில் இருக்கும் அடுக்கின் (லேயர், அதாவது ஒரு வகைத் தரவின் படலம்) மேல் 500 என்று பஃபர் (சுற்றெல்லை) போட்டால் மென்பொருள் அதை 500 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். மீட்டரில் அளக்க, அடுக்குகளை மீட்டர் அலகுள்ள முறைக்கு மாற்ற வேண்டும். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். என்ற முறை இருக்கிறது. பெங்களூருக்கு அதில் 43 வடக்கு மண்டலம் சரி, அதன் குறியீட்டு எண் 32643. டூல்பாக்ஸில் ரீபுரொஜெக்ட் லேயர் என்று தேடி ஒவ்வொரு வெக்டர் அடுக்கையும் அதற்கு மாற்றுங்கள். உயரத் தரவுக்கு ராஸ்டர் மெனுவில் வார்ப் என்ற கருவி.

இந்த மண்டலம் 78 டிகிரி தீர்க்கரேகையோடு முடிந்துவிடும். ஓசூர் வரை 43தான். கிருஷ்ணகிரி போனால் 44. சென்னையும் 44இல்தான் வருகிறது. ஊருக்குப் போய் அங்கே ஏதாவது அளக்க நினைத்தால் எண்ணை 32644 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை எண்கள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஐந்து எண்கள் என்றால் சுமார் ஒரு மீட்டர். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜி.பி.எஸ்.ஸே ஏறத்தாழ ஐந்து மீட்டர் துல்லியம்தான் தரும், உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அதைவிட மோசம். பத்து தசம எண்களை எழுதி வைப்பதில் பயனில்லை.

ஐந்தாம் படி: நடை தூரம்

நிலையத்தைச் சுற்றி 1200 மீட்டர் வட்டம் வரைந்து, அதற்குள் இருப்பதெல்லாம் பதினைந்து நிமிட நடை என்று சொல்லிவிடுவது எளிது. நிமிடத்துக்கு 80 மீட்டர் நடக்கலாம் என்பதால் கணக்கும் சரியாக வரும். ஆனால் அல்சூர் மெட்ரோ நிலையத்தைச் சுற்றி அப்படி ஒரு வட்டத்தை வரைந்து பாருங்கள். அல்சூர் ஏரியின் ஒரு பகுதி அதற்குள் வந்துவிடும். ஏரியை ஒட்டி மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ராணுவ நிலம் இருக்கிறது, அதற்குள் யாரும் குறுக்கே நடந்து போக முடியாது. வட்டத்தில் பக்கமாகத் தெரியும் தெரு, நடந்தால் சுற்றுவழி. நகரம் முழுக்க ரயில் பாதை, மேம்பாலம், மதில் வைத்த அடுக்ககம் என்று இப்படித் தடைகள் உண்டு.

அதனால் சாலைகளின் வழியே அளக்க வேண்டும். டூல்பாக்ஸில் நெட்வொர்க் அனாலிசிஸ் பிரிவில் சர்வீஸ் ஏரியா ஃபிரம் லேயர் என்ற கருவி இருக்கிறது. அதற்குச் சாலை அடுக்கையும் நிலையப் புள்ளிகளையும் கொடுங்கள். பாதை வகைக்கு மிகக் குறுகியது என்பதைத் தேர்ந்தெடுத்து, தூரம் 1200 என்று கொடுத்தால் நிலையத்திலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் எட்டக்கூடிய தெருக்கள் மட்டும் தனி அடுக்காக வரும். வட்டத்தையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் எவ்வளவு பகுதி வெறும் ஆசை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்தத் துறையின் மீது எனக்கு ஆசை வந்ததே இந்த மாதிரிக் கணங்களால்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். நடக்க முடியாத மேம்பாலங்களையும் விரைவுச் சாலைகளையும் முன்கூட்டியே சாலை அடுக்கிலிருந்து நீக்குங்கள். மற்றொன்று, நிலையத்தின் புள்ளி பெரும்பாலும் நடைமேடையின் நடுவில் வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் நுழைவது வாசல் வழியாக. வாசல்களை யாராவது வரைபடத்தில் சேர்த்திருந்தால் அவற்றையே தொடக்கப் புள்ளிகளாக எடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே புள்ளி வையுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர் எங்கே போகும்

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் விலை உயர்ந்த வில்லாக்களிலிருந்து ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போன காட்சியை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வாடகையின் அளவுக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமில்லை. நிலத்தின் சரிவுக்கும் வெள்ளத்துக்கும்தான் சம்பந்தம்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிழக்குச் சரிவில் ஹெப்பாள் பள்ளத்தாக்கும் கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கும். இவற்றின் நீர் தட்சிண பினாகினியில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை வழியாகத் தென்பெண்ணையாகக் கடலூர் வரை போகிறது. மேற்குச் சரிவில் விருஷபாவதி, அது அர்க்காவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. இரண்டு சரிவின் தண்ணீரும் கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது என்பதை நம் ஆட்களே பலர் கவனித்ததில்லை. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியபோது கெலவரப்பள்ளிக்காரர்கள் ஏன் கவலைப்பட்டார்கள் என்பது இந்த வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். மீட்டருக்கு மாற்றிய உயரத் தரவை டூல்பாக்ஸில் கிராஸ் பிரிவில் உள்ள ஆர்.வாட்டர்ஷெட் கருவிக்குக் கொடுங்கள். குறைந்தபட்ச நீர்ப்பிடிப்புப் பரப்பு எத்தனை கட்டங்கள் என்று கேட்கும் இடத்தில் 1000 என்று கொடுங்கள். 30 மீட்டர் கட்டம் என்றால் அது கிட்டத்தட்ட 0.9 சதுர கிலோமீட்டர். கருவி ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் தண்ணீர் எந்தப் பக்கம் உருளும் என்று கணக்கிட்டு, ஓடைகள் எங்கே உருவாகும் என்று வரைந்து தரும். அதன் மேல் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வாய்க்கால்களைப் போடுங்கள். பல இடங்களில் இரண்டும் ஒத்துப்போகும். கருவி ஓடை வரைந்த இடத்தில் வரைபடத்தில் வாய்க்கால் இல்லாமல் கட்டடங்கள் மட்டும் இருந்தால் அங்கே பென்சிலால் வட்டமிடுங்கள். ஒன்று, வாய்க்காலை யாரும் வரைபடத்தில் சேர்க்கவில்லை. அல்லது வாய்க்காலே இல்லாமல் போய்விட்டது. அல்லது உயரத் தரவு உங்களை ஏமாற்றுகிறது. எது என்பதை நேரில் போய்த்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏமாற்றுவதற்குக் காரணம் உண்டு. ரேடார் பார்ப்பது கூரைகளையும் மரத்தலைகளையும்தான், தரையை அல்ல. அடுக்ககங்கள் நெருக்கமாக நிற்கும் இடம் மேடு போலத் தெரியும். 30 மீட்டர் கட்டத்துக்குள் ஒரு தெருவின் பள்ளமும் ஒரு கல்வெர்ட்டும் அடங்கிப்போய்விடும். அதனால் இந்த அடுக்கைக் கொண்டு ‘இந்த வீட்டில் தண்ணீர் வரும்’ என்று சொல்லாதீர்கள். ‘இந்தத் தெருவைப் போய்ப் பார்க்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு ஓர் எளிய கணக்கு: வீடு இருக்கும் கட்டத்தின் உயரத்திலிருந்து அருகிலுள்ள வாய்க்கால் கட்டத்தின் உயரத்தைக் கழியுங்கள். சில மீட்டர்தான் வித்தியாசம் என்றால் அந்த வீடு சந்தேகப் பட்டியலில் சேரும்.

பழைய ஏரிகளையும் விட்டுவிடக் கூடாது. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரியில். கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியில். இவை ஊரறிந்தவை, இப்படி ஊரறியாத சின்னக் குட்டைகள் எத்தனையோ. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன, 2008 முதல் அவை இலவசம். இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவின் குழு இந்தப் படங்களை வரிசையாக வைத்து, 1973 தொடங்கிப் பெங்களூரில் கட்டடப் பரப்பு பெருகியதையும் ஏரிகளும் மரப்பரப்பும் சுருங்கியதையும் ஆய்வுக் கட்டுரைகளாக எழுதியிருக்கிறது. அவற்றைத் தேடிப் படியுங்கள். இடம்சார் ஆய்வு என்பது எப்படி ஒரு நகரத்தின் கொள்கை விவாதத்துக்குள் நுழைகிறது என்பதற்கு நம் கண்முன் உள்ள நல்ல உதாரணம் அது.

ஏழாம் படி: தெருவில் இறங்குவது

இப்போது கையில் நடைதூரத் தெருக்கள் ஓர் அடுக்காகவும் சந்தேக இடங்கள் இன்னொன்றாகவும் இருக்கும். இரண்டையும் போனில் கொண்டுபோக க்யூஃபீல்ட் செயலி உதவும். க்யூஜிஸில் செய்த அதே திட்டக் கோப்பை அதில் திறந்து, வீடு பார்க்கும் இடத்தில் நின்று புள்ளி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் வாடகை, அட்வான்ஸ், எத்தனையாவது மாடி, தண்ணீர் காவிரியா போர்வெல்லா டேங்கரா, பார்த்த நாள் ஆகிய பத்திகளை வையுங்கள். 2024 கோடையில் டேங்கருக்குக் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டால் தண்ணீர்ப் பத்தி ஏன் அவசியம் என்று சொல்வார்கள். வீட்டுக்காரர் ‘காவிரி இருக்கிறது’ என்றால் அதோடு விடாதீர்கள். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வருகிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.

சந்தேக இடங்களில் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். சேற்று நீர் நின்ற உயரம் வரை கறை பல இடங்களில் அப்படியே இருக்கும். பக்கத்தில் பூக்கடையோ டீக்கடையோ இருந்தால் பேச்சுக் கொடுங்கள். சிவாஜிநகர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் பக்கமெல்லாம் தமிழிலேயே கேட்கலாம். “அக்கா, பெரிய மழை வந்தா இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வரும்?” என்று கேட்டால், எந்தச் செயற்கைக்கோளும் தராத பதில் கிடைக்கும். அதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். வாய்ச்சொல்லும் தரவுதான், யார் சொன்னது என்ற வகையும் நாளும் இருந்தால் போதும். பெயர் வேண்டாம்.

எட்டாம் படி: எல்லாவற்றையும் சேர்ப்பது

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, எடை வைத்துக் கூட்டச் சொல்லும். வீட்டு விஷயத்தில் நான் இதற்கு எதிர்ப்பு. மெட்ரோவுக்குப் பத்து மதிப்பெண், வெள்ளத்துக்குக் கழித்தல் ஐந்து என்று கூட்டினால், வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும் வீடு நிலையத்துக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்தால் மேலே வந்துவிடும். சில விஷயங்கள் பேரத்துக்கு உட்பட்டவை அல்ல. முதலில் தண்ணீர் தேங்கும் வீடுகளை நீக்குங்கள். மிஞ்சியவற்றில் காவிரி இணைப்பு இல்லாதவற்றை நீக்குங்கள். அதற்கு அப்புறம்தான் நடை நேரமும் வாடகையும். க்யூஜிஸில் செலக்ட் பை லொகேஷன் என்ற கருவியும் ஒரு வடிகட்டியும் இதற்குப் போதும்.

பகுதி வாரியாகச் சராசரி வாடகை பார்க்க ஆசை வரும். இங்கே வார்டு எல்லையைப் பயன்படுத்தும் முன் யோசியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் புள்ளிவிவரங்கள் பெங்களூரின் பழைய 198 வார்டுகளுக்கு உரியவை. அதற்குப் பிறகு வார்டுகள் திரும்பத் திரும்பப் பிரிக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்தாகிவிட்டது. பழைய எண்ணைப் புதிய எல்லையோடு இணைத்தால் வரைபடம் அழகாக வரும், பதில் தப்பாக வரும். எல்லையை வேறு மாதிரி வெட்டினால் அதே புள்ளிகளிலிருந்து வேறு சராசரி வரும் என்பது இந்தத் துறையில் நிறைய ஆராய்ச்சி நடந்த விஷயம். அஞ்சல் குறியீட்டு எண்ணும் இப்படித்தான், தபால் பட்டுவாடா வசதிக்காகப் பிரித்தது அது. இதைத் தவிர்க்க, கிரியேட் கிரிட் கருவியில் அறுகோணங்களை உருவாக்கி அவற்றுக்குள் புள்ளிகளை எண்ணுங்கள். வாடகைக் கார், உணவு டெலிவரி நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தால் எச்3 என்ற அறுகோண முறையைச் சந்திப்பீர்கள். ஊபர் நிறுவனம் உருவாக்கி 2018இல் திறந்தமூலமாக வெளியிட்டது. ஒன்பதாம் நிலை அறுகோணம் ஒன்று சராசரியாக 0.1 சதுர கிலோமீட்டர். ஒரு அறுகோணத்தில் இரண்டு மூன்று வீடுகள்தான் இருக்கின்றன என்றால் அதற்குச் சராசரி போடாதீர்கள்.

மற்றவர்களின் இடத்தரவு

உங்கள் வீட்டுப் பட்டியலோடு நிற்கும்வரை சிக்கல் இல்லை. வேலைக்குப் போனதும் ஆயிரக்கணக்கானோரின் போன் நகர்வுகள் உங்கள் திரைக்கு வரும். பெயரை நீக்கிவிட்டோம், அதனால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, பதினைந்து லட்சம் பேரின் கைபேசித் தரவை எடுத்துப் பார்த்தது. ஓர் ஆள் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால், 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காட்ட முடியும் என்று அது நிறுவியது. இரவில் போன் இருக்கும் இடம் வீடு, பகலில் இருக்கும் இடம் அலுவலகம். இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. ஒரு பெண் எந்த ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், எந்த மருத்துவமனைக்குப் போகிறாள் என்பதெல்லாம் வரைபடப் புள்ளியாக யாருடைய கையிலும் இருக்கக் கூடாத விஷயம். தேவையானதை மட்டும் எடுங்கள். அறுகோணமாகத் தொகுத்ததும் மூலப் புள்ளிகளை அழியுங்கள். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஐ ஒருமுறையாவது படித்துவிட்டு வேலையில் உட்காருங்கள்.

அடுத்து எங்கே போவது

இப்போது கோர்ஸ் பற்றிப் பேசலாம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. வேலையில் இருப்பவர்களும் சேரலாம். முறையான பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு, ஊரில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்துத்தான், கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. கணினிப் பின்புலம் உள்ளவர்கள் க்யூஜிஸில் கையால் செய்த அதே படிகளை பைத்தானில் ஜியோபாண்டாஸ் கொண்டு திரும்பச் செய்யுங்கள். அதன் பின் போஸ்ட்ஜிஸ் தரவுத்தளம், அதன் பின் செயற்கைக்கோள் படங்களுக்கு கூகுள் எர்த் என்ஜின். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் கட்டத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. உங்கள் பகுதி ஏரி கோடையில் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க அது போதும். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட, நீங்களே கேட்டு நீங்களே விடை கண்ட ஒரு கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். கோப்போடு எழுதிவைத்த அந்த நாலு வரிக் குறிப்பையும் காட்டுங்கள்.

களத்தில் கண்டதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பதுதான் மீதமுள்ள வேலை. கணக்குத் தொடங்கி, விடுபட்ட வாய்க்காலையும் மெட்ரோ வாசலையும் சந்துப் படிக்கட்டையும் வரையுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து வரையக் கூடாது, உரிமம் அனுமதிக்காது. நேரில் பார்த்ததையும், அங்கே வரைவதற்கென்று தரப்படும் வான்படத்தையும் வைத்து மட்டும் வரையுங்கள். பெயருக்கான இடத்தில் சுற்றியுள்ள இடங்களுக்கு இருக்கும் வழக்கப்படி பெயரை இடுங்கள், கன்னடப் பெயருக்கும் தமிழ்ப் பெயருக்கும் தனித்தனிப் புலங்கள் இருக்கின்றன, அவற்றையும் நிரப்புங்கள். மாற்றத்தைச் சேமிக்கும்போது குறிப்பு கேட்கும். எந்த நாளில் நேரில் பார்த்தீர்கள் என்பதை அதில் எழுதிவிடுங்கள்.